டட்லி நகரின் சித்திர வகுப்பு

சித்திரக்கலையின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் அரண்மனைகளையும் ஆலயங்களையும் பேரோவியர்களின் பணிக்கூடங்களையும் நாடிச் செல்வதே வழக்கம். நேரசூசியிலே கணக்குக்கும் பூகோளத்துக்கும் இடையில் அகப்பட்டுக் கிடக்கும் ஒரு பாடசாலைச் சித்திர வகுப்பை எவரும் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் இங்கிலாந்திலே டட்லி என்னுந் தொழில் நகரில், ஒரு மகளிர் உயர்தரப் பாடசாலையில், 1912ஆம் ஆண்டு தொடக்கம் ஏறத்தாழப் பத்தாண்டுகள் நடைபெற்ற சித்திர வகுப்பொன்று, அந்நாட்டிலும் அதற்கு அப்பாலும் பிள்ளைகளுக்குச் சித்திரங் கற்பிக்கும் முறையையே மாற்றி வைத்தது. அவ்வகுப்பின் வரலாற்றை இம்மலரின் வாசகர்களாகிய இளைஞரும் முதியோரும் அறிந்துகொள்ளுதல் பயனுடைத்து. ஏனெனில் அவ்வகுப்பின் முன் நின்ற கேள்வி இன்றும் நம் வீடுகளின் முன்னும் பாடசாலைகளின் முன்னும் நிற்கின்றது. சித்திரப் பாடத்தில் ஒரு மாணவன் அடைந்த தேர்ச்சி என்று நாம் எதனைச் சொல்கின்றோம்? அவன் பெற்ற புள்ளியையா, பரிசையா, அன்றி அவன் கண்ட காட்சியையா?

ஊரும் காலமும்

டட்லி அழகுக்குப் பெயர்பெற்ற ஊரன்று. குன்றின்மேல் இடிந்த கோட்டையொன்று உண்டு. அதனைச் சூழ நிலக்கரிச் சுரங்கங்களும் இரும்பு உலைகளும் சங்கிலிப் பட்டறைகளும் நிறைந்திருந்தன. புகையினாலும் கரியினாலும் அப்பகுதி முழுவதற்கும் ‘கறுப்பு நாடு’ என்றே பெயர் வழங்கிற்று. ‘டைட்டானிக்’ என்னும் பெருங்கப்பலுக்குரிய மாபெரும் நங்கூரம் 1911இல் டட்லியை அடுத்த நெதர்ற்றன் பட்டறையிலேயே உருவாக்கப்பட்டது. 20 குதிரைகள் பூட்டிய வண்டியில் அதனை இழுத்துச் சென்றார்கள். இத்தகைய ஊரிலே வளர்ந்த பெண்பிள்ளைகளே நாம் பேசப்போகும் வகுப்பின் மாணவியர்.

அக்காலத்துச் சித்திரப் பாடம் எவ்வாறிருந்தது என்பதையும் நாம் அறிதல் வேண்டும். இங்கிலாந்தின் அரசாங்கம் 1837இல் வடிவமைப்புப் பாடசாலையொன்றை நிறுவியது. கைத்தொழிற் பொருள்களுக்கு அழகிய வடிவந் தரவல்ல தொழிலாளரை உண்டாக்குவதே அதன் நோக்கம். பின்னர் 1850களில், ஹென்றி கோல் என்பவரின் தலைமையிலே, 23 படிகளைக் கொண்ட பாடத்திட்டமொன்று வகுக்கப்பட்டது. முதலில் நேர்கோடு, பின் வளைகோடு, பின் கனவடிவங்கள், பின் சாந்தினாலான சிலைகளின் நிழலும் ஒளியும் என்றிவ்வாறு மாணவன் ஒவ்வொரு படியாக ஏறுதல் வேண்டும். ஒவ்வொரு படியிலும் அவன் செய்யவேண்டியது பார்த்து எழுதுதல் ஒன்றே. எவன் பிழையின்றிப் பிரதிசெய்தானோ அவன் தேறினான். பாடசாலைகளிலும் இம்முறையின் சாயலே படிந்திருந்தது. ஆங்கிலேயரின் ஆட்சிக்குட்பட்ட நாடுகளிலும் அம்முறையே பரவிற்று. கூம்பையும் உருளையையும் சாடியையும் மேசைமேல் வைத்து வரைந்த வகுப்புகளை நம்மூர் முதியோர் பலர் இன்றும் நினைவு வைத்திருப்பர்.

இம்முறை முற்றிலும் பயனற்றதென்று கூறுதல் நியாயமாகாது. கையைப் பழக்கியது, அளவைக் கற்பித்தது, பொறுமையைத் தந்தது. ஆனால் பிள்ளை தானாக எதையாவது கண்டதா என்று கேட்பதற்கு அதில் இடமிருக்கவில்லை.

ஆசிரியையின் வருகை

1912இல் மேரியன் றிச்சாட்சன் என்னும் இளம்பெண் டட்லி மகளிர் உயர்தரப் பாடசாலைக்குச் சித்திர ஆசிரியையாக வந்து சேர்ந்தார். 1892இல் கென்ற் மாகாணத்து அஷ்போட் என்னும் ஊரிற் பிறந்த அவருக்கு அப்பொழுது இருபது வயதும் நிரம்பவில்லை. பர்மிங்காம் சித்திரக் கல்லூரியிலே பயின்றவர் அவர். அக்கல்லூரியின் தலைவராயிருந்த றொபேட் கற்றர்சன் சிமித், முன்னர் வில்லியம் மொறிஸ் முதலிய கலைஞருடன் கூடிப் பணியாற்றியவர். சித்திரங் கற்பிப்பதிலே புதுமையான ஒரு பயிற்சியைக் கையாண்டவர். மாயவிளக்கினாலே ஓர் உருவத்தைத் திரையிற் காட்டுவார். சிறிது நேரத்தில் விளக்கு அணைந்துவிடும். மாணவர் கண்ணை மூடிக்கொண்டு, மனத்தில் நிற்கும் அவ்வுருவத்தைப் பார்த்தவாறே கடதாசியில் வரைய வேண்டும். அதன்பின் கண்ணைத் திறந்து நினைவிலிருந்து மீண்டும் ஒரு முறை வரைய வேண்டும். கண்ணாற் கண்டதை மனம் எவ்வளவுக்குப் பற்றிக்கொண்டது என்பதை அறிவதே இப்பயிற்சியின் குறிக்கோள்.

ஆசிரியை இப்பயிற்சியை டட்லிக்குக் கொண்டு வந்தார். ஆனால் அவ்வளவோடு நின்றாரல்லர். மாயவிளக்குக்குப் பதிலாகத் தம் சொல்லையே விளக்காக்கினார். மாணவியரைக் கண்மூடி அமரச்செய்து ஒரு காட்சியை மெல்ல மெல்ல விவரிப்பார். சில வேளைகளில் அவர்கள் நாள்தோறும் நடந்துபோகும் ஊர்த்தெருவே அக்காட்சியாகும். சில வேளைகளில் ஒரு கவிதையினின்றும் எழும் காட்சியாகும். வேறு சில வேளைகளில் இலண்டனிலே தாம் பார்த்துவந்த இரசிய நடனக் குழுவினரின் அரங்கத்தை எடுத்துரைப்பார். அந்த நடனத்தைக் கண்ணாற் காணாத டட்லிப் பெண்கள், கேட்ட சொற்களைக் கொண்டே அதனைத் தம் மனத்தில் ஆடவைத்து வர்ணத்தில் தீட்டினர். விவரணம் முடிந்ததும் எவரும் உடனே தூரிகையை எடுத்துவிடலாகாது. உள்ளே காட்சி தெளியும்வரை காத்திருத்தல் வேண்டும். தெளிந்தபின் வரையத் தொடங்கலாம்.

பின்னர் அவர் இன்னுமொரு படி சென்றார். சொல்லும் வேண்டாம், கதையும் வேண்டாம், கண்ணை மூடுங்கள், உள்ளே தானாகத் தோன்றுவதை வரையுங்கள் என்றார். அவ்வாறு வந்த படங்களை ‘மனச்சித்திரங்கள்’ என அழைத்தனர். அவற்றுட் பல எப்பொருளின் உருவமுமில்லாத வெறும் வர்ணக் கோலங்களாயிருந்தன. பெரிய நகரங்களின் ஓவியர்களே அத்தகைய படங்களை எழுதத் தயங்கிய காலத்தில், கரிப்புகை சூழ்ந்த ஊரொன்றின் பாடசாலைச் சிறுமியர் அவற்றைச் சர்வசாதாரணமாகச் செய்தார்கள் என்பது வியப்புக்குரியது.

தம்மைத் தாமே மதித்தல்

இவ்வகுப்பின் மிக முக்கியமான அம்சம் வரைதலன்று. வரைந்ததை மதிப்பிடும் முறையேயாம். வழக்கமான வகுப்பிலே ஆசிரியர் சிவப்பு மையினால் திருத்துவார். பத்துக்கு இத்தனை என்று புள்ளியிடுவார். டட்லியிலோ மாணவி தன் படத்தைத் தானே நோக்கி, அது தன் மனத்தில் எழுந்த காட்சிக்கு உண்மையாக இருக்கின்றதா என்று தன்னையே கேட்டுக்கொள்ளும்படி பழக்கப்பட்டாள். தன் கருத்தை எழுதியும் வைத்தாள். வகுப்பார் கூடியிருந்து ஒருவர் படத்தை ஒருவர் ஆராய்ந்தனர். அயலவளின் படம் போலிருப்பதோ ஆசிரியையின் மனத்துக்குப் பிடிப்பதோ அங்கே அளவுகோலாகவில்லை.

இதனால் ஒரு நன்மை விளைந்தது. சித்திரத்தில் ‘கைவந்தவர்’ என்றும் ‘கைவராதவர்’ என்றும் வகுப்பு இரண்டாகப் பிளவுபடவில்லை. பார்த்தெழுதுவதிலே பின்தங்கிய பிள்ளைக்கும் உள்ளே ஒரு காட்சி உண்டு. அதைச் சொல்லும் வழி கிடைத்தபோது அப்பிள்ளையின் படமும் மற்றவர் நின்று பார்க்கும் படமாயிற்று. கைத்திறன் வேண்டாமென்று ஆசிரியை கருதினாரென எவரும் எண்ணிவிடலாகாது. வர்ணங்களைக் கலந்து, கண்ட நிறத்துக்குச் சரியான நிறத்தை எடுக்கும் பயிற்சியை அவர் கண்டிப்புடன் கொடுத்தார். காட்சி முன்னே செல்லக் கைத்திறன் அதன் பின்னே செல்ல வேண்டும் என்பதே அவர் கொண்ட ஒழுங்கு.

வியன்னா நகரிலே பிரான்ஸ் சிசெக் என்பவர் 1897ஆம் ஆண்டு தொடக்கம் பிள்ளைகளுக்கென ஒரு சித்திர வகுப்பை நடத்திப் புகழ்பெற்றிருந்தார். ஆனால் அவ்வகுப்புக்குப் பிள்ளைகள் சித்திரத்துக்கென்றே வந்தனர். டட்லியிலோ கணக்குக்கும் இலக்கணத்துக்கும் வரும் அதே மாணவியர், மணியடித்ததும் அடுத்த பாடமாகச் சித்திரத்துக்கு வந்தனர். தெரிந்தெடுக்கப்படாத பிள்ளைகளைக் கொண்ட சாதாரண வகுப்பொன்றில் இது நடந்தது என்பதே ஏனைய ஆசிரியர்களுக்கு நம்பிக்கையளித்தது.

இலண்டனுக்குச் சென்ற சுருள்

1917இல், பெரும்போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், ஆசிரியை வேறொரு பதவிக்கான நேர்முகப் பரீட்சைக்காக இலண்டன் சென்றார். அப்பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. கையிலே டட்லி மாணவியரின் படங்கள் ஒரு சுருளாக இருந்தன. அந்நாட்களில் றோஜர் ஃபிறை என்னும் கலை விமரிசகர், தாம் 1913இல் நிறுவிய ‘ஒமேகா’ பட்டறையிலே பிள்ளைகளின் சித்திரக் கண்காட்சியொன்றை நடத்திக்கொண்டிருந்தார். செசான், வான்கோ முதலியோரின் ஓவியங்களை 1910இலும் 1912இலும் இலண்டன் மக்களுக்குக் காட்டிப் பெரும் வாதத்தைக் கிளப்பியவர் அவரே. அக்கண்காட்சியிலே இடம்பெற்றவை பெரும்பாலும் ஓவியர் குடும்பங்களின் பிள்ளைகள் வரைந்தவை. பாடசாலையில் முறையாகச் சித்திரம் பயின்ற பிள்ளைகளிடம் இத்தகைய உயிர்ப்பு எஞ்சியிராது என்பது பலரது எண்ணமாயிருந்தது.

ஆசிரியை தம் சுருளை விரித்துக் காட்டினார். ஃபிறை வியந்தார். பாடசாலை வகுப்பிலேயே, ஓர் ஆசிரியையின் கீழேயே, இவ்வாறான படங்கள் தோன்றக்கூடும் என்பதற்கு அச்சுருள் கண்கண்ட சாட்சியாயிற்று. அவர் டட்லிப் படங்களையும் கண்காட்சியிற் சேர்த்தார். அவ்வாண்டிலேயே ‘பேர்லிங்ரன்’ என்னுங் கலைச் சஞ்சிகையில் பிள்ளைகளின் சித்திரங்களைப்பற்றிக் கட்டுரையும் எழுதினார். 1919இல் டட்லி மாணவியரின் படங்கள் ‘ஒமேகா’வில் மீண்டும் காட்சிக்கு வைக்கப்பட்டன. பதவி கிடையாமல் திரும்ப வேண்டியிருந்த ஒரு நாள், ஒரு பாடசாலையின் பெயரைக் கலைச் சரித்திரத்திலே பொறித்துவிட்டது.

அதன்பின் ஆசிரியையின் பணி விரிந்தது. பர்மிங்காம் சிறைச்சாலையிலுள்ளோருக்கும் அவர் சித்திரங் கற்பித்தார். 1923இல் டட்லியில் முழுநேரப் பணியை விட்டார். 1924 தொடக்கம் இலண்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் விரிவுரையாற்றினார். 1930இல் இலண்டன் மாகாண சபையின் சித்திர வித்தியாதரிசியானார். கையெழுத்தையும் கோலத்தையும் இணைத்துக் கற்பிக்கும் நூலொன்றை 1935இல் வெளியிட்டார். 1938இல் இலண்டன் பாடசாலைப் பிள்ளைகளின் சித்திரங்களைக் கொண்டு அச்சபையின் மாளிகையிலே பெருங் கண்காட்சியொன்று நடந்தது. 20,000க்கு மேற்பட்டோர் அதனைப் பார்வையிட்டனர். நோயினால் 1942இல் ஓய்வுபெற்று டட்லிக்கே திரும்பிய அவர் 1946இல் அங்கே காலமானார். அவரது அனுபவங்களைக் கூறும் நூல் 1948இல் வெளிவந்தது.

ஒரு தடை

இம்முறையைக் குறித்து ஓர் ஐயம் எழுப்பப்பட்டதுண்டு. ஆசிரியை அழகாகச் சொல்ல வல்லவர். மாணவியர் வரைந்தது தம் மனக்காட்சியையா, அல்லது ஆசிரியையின் சொல்லையா என்பதே அவ்வையம். இது தள்ளத்தக்க கேள்வியன்று. ஒரே வகுப்பிற் பிறந்த படங்களிடையே ஒரு குடும்பச் சாயல் காணப்படுதல் இயல்பே. எனினும் ஆசிரியை தாமே சொல்லைக் குறைத்துக்கொண்டு மனச்சித்திரங்களுக்குச் சென்றதையும், தீர்ப்பை மாணவியர் கையிலேயே கொடுத்ததையும் நோக்குமிடத்து, அவரும் இவ்வபாயத்தை உணர்ந்தேயிருந்தார் எனலாம். நல்ல ஆசிரியரின் செல்வாக்கு மாணவர்மேற் படவே கூடாதென்பது நடவாத காரியம். அச்செல்வாக்கு மாணவரைத் தம் காலில் நிறுத்துகின்றதா என்பதே பார்க்க வேண்டியது.

நம் மரபும் நம் நாடும்

கண்ணை மூடி உள்ளே கண்டபின் வரைதல் என்பது நமக்குப் புதிய செய்தியன்று. மூர்த்தியை வடிக்கும் சிற்பி முதலில் தியான சுலோகத்தை மனத்திற்கொண்டு, அதன்வழி உருவத்தை அகத்திலே கண்டு, அதன்பின்னரே உளியை எடுத்தல் வேண்டும் என்பது நம் சிற்ப மரபு. ஈழத்துத் தமிழராகிய சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி, 1934இல் வெளிவந்த தமது ஆங்கில நூலொன்றில் இம்மரபை மேனாட்டாருக்கு எடுத்து விளக்கினார். தைப்பொங்கலன்று முற்றத்திலே கோலமிடும் தாயும் எந்தப் படத்தையும் பார்த்து இடுகின்றாளல்லள். வேறுபாடும் உண்டு. சிற்பிக்கு உருவத்தை மரபு தருகின்றது. டட்லிச் சிறுமிக்கு அவளுடைய மனமே தந்தது. ஆயினும் கை தொடங்குமுன் உள்ளம் காணவேண்டும் என்பதில் இருவரும் ஒன்றுபடுகின்றனர்.

இலங்கையிலும் அக்காலத்திலே மாற்றத்தின் காற்று வீசிற்று. 1920களில் இங்கே பிரதம சித்திர வித்தியாதரிசியாயிருந்த ஆங்கிலேயர் சி. எஃப். வின்சர், புதிய ஓவிய நோக்கை இளங்கலைஞரிடையே ஊக்கினார். பிற்காலத்தில் அப்பதவியை வகித்த டபிள்யூ. ஜே. ஜி. பீலிங், 1943இல் கொழும்பில் உருவாகிய ‘43ஆம் ஆண்டுக் குழு’வின் ஓவியர்களுள் ஒருவர். யாழ்ப்பாணத்திலே சித்திர வித்தியாதரிசி எஸ். ஆர். கனகசபை அவர்கள், வின்சரின் பெயரால் 1938இல் ஓவியக் கழகமொன்றை அமைத்துச் சித்திர ஆசிரியர்களையும் ஆர்வலர்களையும் ஒன்றுசேர்த்தார். அவருக்குப் பின்வந்த தலைமுறையிலே குருநகர் தந்த ஓவியர் அ. மாற்கு (1933–2000), தாம் வரைந்ததோடமையாது, இளையோர் பலரை ஓவியத்திற் பயிற்றினார். இவர்களெல்லாரும் பரீட்சை முடிந்ததும் மறந்துவிடும் பாடமாகச் சித்திரத்தைக் கருதவில்லை.

எஞ்சியது எது?

டட்லி வகுப்பின் வரலாற்றை இன்று நாம் இத்துணை விரிவாக அறியக்கூடியதாயிருப்பதற்குக் காரணம் என்ன? ஆசிரியை மாணவியரின் படங்களை வீசிவிடவில்லை, பேணிவைத்தார். அவருடைய கடதாசிகளும் பிள்ளைகளின் சித்திரங்களும் இன்று பர்மிங்காமிலே, அவர் பயின்ற சித்திரக் கல்லூரியைத் தன்னுட் கொண்ட பல்கலைக்கழகத்தின் சுவடிக்கூடத்தில் இருக்கின்றன. நூறாண்டு கடந்தபின்னும் ஒருவர் அவற்றை எடுத்துப் பார்த்து, கரிப்புகை ஊரிலே ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் மனத்தில் என்ன தோன்றியது என்று அறியலாம்.

நம்முடைய நிலையோ வேறு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோதும், 1995இன் இடப்பெயர்வின்போதும், போர் நீடித்த ஆண்டுகள் முழுவதும், வீடுகளிலும் பாடசாலைகளிலும் இருந்த கடதாசிகள் எத்தனை அழிந்தன என்று கணக்கிடுவாரில்லை. அது நம் கைக்கு மிஞ்சியது. ஆனால் நம் கைக்கு மிஞ்சாத ஒன்றும் உண்டு. பாடசாலை மலர்களைப் புரட்டிப் பாருங்கள். சித்திரப் போட்டியில் முதலாம், இரண்டாம், மூன்றாம் இடம் பெற்றோரின் பெயர்கள் அச்சாகியிருக்கும். பரிசு வாங்கும் புகைப்படமும் இருக்கும். வரைந்த சித்திரத்தைக் காண்பது அரிது. அது போட்டி முடிந்ததும் எங்கே போயிற்று என்று கேட்டால் விடை சொல்வாரும் அரியர். பரிசைப் பேணிப் படத்தை இழக்கும் வழக்கம் சித்திரத்தை நாம் எவ்வாறு மதிக்கின்றோம் என்பதைக் காட்டிவிடுகின்றது.

ஆதலின் முதியோருக்கு ஒரு வேண்டுகோள். சித்திர வகுப்பைக் கணக்கு வகுப்புக்குக் கடனாகக் கொடுக்காதீர்கள். பிள்ளை வரைந்ததைக் காட்டும்போது, ‘இது என்ன, மாடா ஆடா’ என்று கேட்பதற்கு முன், ‘நீ என்ன கண்டாய்’ என்று கேளுங்கள். பாடசாலை அதிபர்களும் பழைய மாணவர் சங்கத்தாரும் ஆண்டுதோறும் சில படங்களையேனும், வரைந்த பிள்ளையின் வகுப்பும் ஆண்டும் குறித்து, கறையான் அணுகாத ஒரு பெட்டியிலே வைப்பார்களாயின், ஐம்பது ஆண்டுகளுக்குப்பின் அதுவே அப்பாடசாலையின் பெருஞ் செல்வமாகும். செலவு ஒரு பெட்டியும் சிறிது அக்கறையுமே.

இளைஞர்களே! உங்களுட் பெரும்பாலோர் ஓவியராகப் போவதில்லை. டட்லியின் வகுப்பும் ஓவியரை மாத்திரம் உண்டாக்குவதற்காக நடந்ததன்று. தன் கண்ணால் நோக்கவும், நோக்கியதை உள்ளத்தில் நிறுத்தவும், தான் செய்ததைத் தானே நேர்மையாக மதிக்கவும் பழகிய ஒருவர், மருத்துவராயினும் கமக்காரராயினும் கடை வைப்பவராயினும், தம் தொழிலில் மற்றவர் காணாததைக் காண்பர். அடுத்த முறை சித்திரக் கொப்பியைத் திறக்கும்போது, பார்த்தெழுதப் படம் தேடுமுன், ஒரு கணம் கண்ணை மூடிப் பாருங்கள். அங்கே தோன்றுவது உங்களுடையது, அதை வரையுங்கள்.